பின் சீட்டு இல்லாத வண்டி

சடக்.

இரண்டே கதவுள்ள காரில் முன் சீட்டை மடக்கும் சத்தம் அது. கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டது. சீட்டு மடங்கியதும் அவள் குனிந்து, பைகளுக்கு நடுவே பின்னால் நுழைவாள். சீட்டு திரும்ப வந்து முழங்காலில் இடிக்கும். அதில் அவளுடைய மாமியார் உட்கார்ந்துகொள்வார்.

இப்போது அவளே மாமியார். பழைய கார் விற்கும் இடத்தில், விற்பனைக்காரர் இரண்டு கதவுச் சிவப்புக் கூப்பேயின் முன் சீட்டை மடக்கிக் காட்டியபோது அதே சத்தம்.

"பின்னாடி ரெண்டு பேர் தாராளமா உட்காரலாம். ஏறித்தான் பாருங்களேன் அம்மா."

ஏறினாள். முழங்கால் மோவாய்க்கு வந்தது. தலை கூரையைத் தொட்டது.

"எப்படிம்மா இருக்கு?" என்று மகன் வெளியிலிருந்து கேட்டான்.

"எனக்கென்னப்பா, சிம்மாசனம் மாதிரி இருக்கு."

"அம்மாவுக்கு ஒரு மூலை போதும்டா. வேற என்ன கேட்கப்போறாங்க?" என்றாள் கூட வந்திருந்த மகள்.

இறங்கும்போது மருமகள் கை கொடுத்து இழுக்க வேண்டியிருந்தது.

மகனுக்குச் செயற்கைப் பல் செய்யும் தொழில். தெருவில் பாதிப் பேர் அவன் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். இந்த மாதிரி வண்டி அவனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. ஓட்டிக்கொண்டிருந்த பழைய வண்டி நடு ரோட்டில் உயிரை விட்டதும், "இப்ப வாங்காம எப்பங்க வாங்கப்போறீங்க?" என்று கிளப்பிவிட்டதே மருமகள்தான்.

அவள் இப்போது அடுத்து நின்ற பச்சை ரோட்ஸ்டரைச் சுற்றி வந்தாள். கூரையை மடக்கிவிடலாம். உட்கார இரண்டே இடம்.

"இதை எடுத்துக்கலாங்க."

மகன் சிரித்தான். "இதுல அம்மா எங்கே உட்காருவாங்க?"

"எனக்கு இதுதான் வேணும்."

விற்பனைக்காரர் குறுக்கே புகுந்தார். "கூரையைத் திறந்தா வானம் இலவசம் மேடம்."

"மழை பெஞ்சா அதுவும் இலவசம்" என்றாள் மருமகளுக்கு நாத்தனாரான அந்த மகள். பிறகு தம்பியின் காதருகே, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பார்த்தியாடா, மாமியாருக்கு இடமில்லாத வண்டியாத் தேடிப் பிடிச்சிருக்கா" என்றாள்.

மருமகள் குனிந்து டயரைப் பார்த்தாள்.

"அம்மாவை விட்டுட்டு நாம மட்டும் சுத்தறதா? நல்லா இருக்காது" என்றான் மகன்.

"இதுவரைக்கும் எனக்குன்னு எதையாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவ இஷ்டப்படியே செய்ப்பா. நான் எங்கே போகப்போறேன்? வீட்டுக்கு ஒரு ஆள் வேணாமா?"

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பின் சீட்டு மூலையில் அவள் குறைபட்டதே இல்லை. முன்னால் முதலில் மாமியார் இருந்தார். அப்புறம், பின்னால் உட்கார்ந்தால் வாந்தியெடுக்கும் மகள். அதற்கப்புறம் மருமகள். புருஷனின் பிடரியையும் பிறகு மகனின் பிடரியையும் பார்த்துக்கொண்டே அவள் ஊரெல்லாம் பார்த்திருக்கிறாள். இனி அந்த மூலையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரோட்ஸ்டர் வீட்டு வாசலுக்கு வந்தது. நாத்தனாரும் பார்க்க வந்திருந்தாள்.

"என்ன, ஜோடி கிளம்பியாச்சா?"

மாமியார் சமையலறையில் நின்று, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். மருமகள் உள்ளே வந்து குழாயை மூடினாள்.

"அத்தை, செருப்பைப் போட்டுக்குங்க. கடற்கரை வரைக்கும் போயிட்டு வாங்க. அவர் வண்டியில காத்துட்டிருக்கார்."

"நானா? அப்ப நீ?"

"எனக்குத் துவைக்கிற வேலை கிடக்கு."

"அதெல்லாம் வேணாம். புருஷன் பக்கத்துல பெண்டாட்டிதான் உட்காரணும். நீ போம்மா."

"இதையேதான் எப்பவும் சொல்றீங்க. எத்தனை தடவை முன் கதவைத் திறந்து வெச்சுக் கூப்பிட்டிருக்கேன்? பின்னாடி கையகல இடம் இருந்தாலும் அதுலதான் போய் ஒடுங்கிக்குவீங்க. அதான், பின்னாடின்னு ஒரு இடமே இல்லாத வண்டியாப் பார்த்தேன்."

நாத்தனார் போய் அம்மாவின் செருப்பை எடுத்து வந்து வைத்தாள்.

பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று மாமியாருக்குத் தெரியவில்லை. மகன் எட்டி இழுத்து மாட்டிவிட்டான். வண்டி தெருமுனை திரும்பியது. காற்றில் அவள் முடி கலைந்தது. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை.

"ஏண்டா, வண்டி ஓட்டறப்ப நாக்கைக் கடிச்சுக்கறே?"

"நானா?"

"சின்ன வயசுல எழுதறப்ப இப்படித்தான் கடிச்சுப்பே. இன்னும் விடலையா நீ?"

நான்காவது வருஷம் அவள் இறந்துபோனாள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனாள். மருமகள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.