வேட்டு வைக்காத மலை

மகளின் மடிக்கணினியில் வெடிச்சத்தம் கேட்டதும், பட்டாசுக் கம்பெனி நடத்தும் ராஜபாண்டியன் மதியச் சோற்றை விட்டு எழுந்து சன்னலுக்கு ஓடுகிறார். எச்சில் கையால் கம்பியைப் பிடித்தபடி, ஆலை இருக்கும் நாரணாபுரம் பக்கம் புகை தெரிகிறதா என்று தேடுகிறார். வெயில் மட்டும் வெள்ளையாய்க் காய்கிறது. “இங்கன இல்லப்பா, கனடாவுல. பனி சரிஞ்சு ஆள மூடிராம, முன்னாடியே வேட்டு வச்சு இறக்கி விட்டுருவாங்க” என்கிறாள் சுகிர்தா. அடுத்த மாதம் அவளும் தோழியும் வழிகாட்டி இல்லாமல் அங்கே பனிச்சறுக்கு விளையாடப் போகிறார்கள். திரையில் மலையின் ஒரு பக்கமே மெல்ல இறங்கி மரங்களை விழுங்குகிறது. அவர் விரல்களில் சோறு காய்கிறது. “நீங்க போற மலையிலயும் வேட்டு வைப்பாகளாம்மா?” சுகிர்தா படத்தை நிறுத்துகிறாள். “அங்கன ஆளே போறதில்லப்பா. யாரும் மிதிக்காத பனிக்காகத்தானே போறோம்.” அவர் மறுபடியும் சன்னல் கம்பியைப் பிடிக்கிறார். எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.