உயரமான மாப்பிள்ளை

"சர்க்கரை இருக்கா? எடை கூடிச்சா? ரொம்ப நேரம் நிக்கிற வேலையா?"

டாக்டர் கேட்டதற்கெல்லாம் இல்லையென்று தலையாட்டினாள் அந்தக் கணக்காளர் பெண். ஆனால் குதிகால் என்னவோ உயிர் போகிற மாதிரி வலித்தது.

டாக்டர் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார். "இவ்வளவு உசரச் செருப்பு போட்டா வலிக்காம என்னம்மா செய்யும்? இன்னிக்கே தூக்கிப் போடு."

"ஐயோ, முடியாது டாக்டர்! அடுத்த மாசம் கல்யாணம். அவர் நெடுநெடுன்னு இருப்பார். இது இல்லேன்னா நான் அவர் தோளுக்குக்கூட வரமாட்டேன்."

"அப்ப நொண்டிக்கிட்டே கல்யாணம் பண்ணிக்கோ."

மாலையில் தட்டைச் செருப்போடு பஸ் நிறுத்தத்தில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தாள். இந்தக் குள்ளச்சியைப் பார்த்ததும் கல்யாணமே வேண்டாம் என்பானோ?

அவன் வந்தான். பயந்து பயந்து நிமிர்ந்தாள். அவன் மூக்கு வழக்கம்போல அவள் நெற்றிக்கு நேராகத்தான் இருந்தது!

"நீ எப்படி உசரம் குறைஞ்சே?" இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவன் அசடு வழிந்தான். "ஷூவுக்குள்ள உசரத்துக்கு அட்டை அடுக்கி வெச்சிருந்தேன். குதிகால் வலி தாங்கலை. டாக்டர் எடுக்கச் சொல்லிட்டார்."

"எதுக்குடா அட்டை?"

"நீ ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருந்தியே! பக்கத்துல நான் நிக்க வேண்டாமா?"

தன் பழைய செருப்பைப் பற்றி அவள் சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வேற எதையாவது மறைச்சிருக்கியா?"

அவன் தலைமுடியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"பஸ் வந்திடுச்சு, வா!" என்று நொண்டிக்கொண்டே ஓடினான்.