நாலு மணிக்கு ஒலிக்காத சைரன்

“சட்டம் மேனேஜர் மாதிரியே சட்டை போட்டுக்கிட்டு நடந்து வந்து, என் கையிலிருந்த சைரன் சாவியைப் புடுங்கிட்டுப் போச்சு” என்று சத்தியம் செய்கிறார் முப்பது வருடமாக ஆலையின் சைரனை ஒலிக்கவிடுகிறவர். முறை வைத்துத் தேநீர் குடிக்க வந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பில் கூரைத் தகடே கழன்றுவிடும்போல் இருக்கிறது. எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கும் மசோதாவைப் பற்றித் கேண்டீன் தொலைக்காட்சியில் சட்டமன்ற உறுப்பினர்கள் இன்னும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். “அண்ணே, அங்க ஓட்டெடுப்பே நடக்கல. அதுக்குள்ள இங்க வந்துருச்சாக்கும். புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?” என்கிறார் தொழிற்சங்கத் தலைவர். மணி நான்காகிறது, ஷிப்டு முடிகிற நேரம். சைரன் ஒலிக்கவில்லை. இயந்திரங்களின் இரைச்சல் இம்மியும் குறையவில்லை. அதன் அதிர்வில் டம்ளர்த் தேநீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது. பொட்டலம் கட்டும் பெண் தோளில் மாட்டிய பையோடு தலைவர் முன்னால் வந்து நிற்கிறாள். “நாலரைக்குக் காப்பகத்தைப் பூட்டிருவாங்கண்ணே. புள்ள வாசல்ல தனியா நிக்கும்.” தலைவர் ஜன்னல் பக்கம் போகிறார். தெருவில் அடுத்த ஷிப்டுக்கு ஓர் ஆள்கூட வந்து நிற்கவில்லை. காவலாளி யார் முகத்தையும் பாராமல் வெளிக்கதவில் பூட்டை மாட்டுகிறார். தொலைக்காட்சியில் யாரோ தொழிலாளர் நலனுக்காக மேசையைத் தட்டுகிறார். தலைவர் திரும்பி, சைரன்காரரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்க்கிறார். “நெசந்தாண்ணே” என்கிறார். “வந்துருச்சு.”