பத்தாம் நம்பர் ஸ்பானர்

பலகையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அவன் மறுபடியும் எண்ணினான். இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.

ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் வடிவத்திலேயே சிவப்புப் பெயிண்டில் ஒரு படம் வரைந்திருக்கும். கருவியை மாட்டினால் படம் மறைந்துவிடும். படம் கண்ணில் பட்டால் கருவியைக் காணோம் என்று அர்த்தம். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

பத்தாம் நம்பர் ஸ்பானரின் படம் பளிச்சென்று தெரிந்தது.

எதிரே ஹெலிகாப்டர் நின்றது.

விடிந்ததிலிருந்து நான்கு தடவை வெள்ளத்துக்குள் போய்த் திரும்பியிருந்தது. நான்காவது தடவை வந்தபோது மேல்மூடிக்குள்ளிருந்து எண்ணெய் கசிந்தது. அவன்தான் ஏறி, மூடியைத் திறந்து, குழாயை மாற்றினான். கொட்டுகிற மழையில் செய்த வேலை. கருவிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கிளம்பிவிடும்.

பதினான்கு பேரை ஏற்றும். லாரி போகமுடியாத ஊருக்கு ஒரு டன் அரிசியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டு போகும். கூரைக்கு மேலே நின்ற இடத்தில் நின்றபடி இரும்புக்கயிறு இறக்கும். அவ்வளவும் செய்கிற வண்டிதான். விசிறியைத் திருப்புகிற தண்டுகளுக்கு நடுவில் ஒரு ஸ்பானர் சிக்கினால் கல் மாதிரி விழும்.

கடைசி நட்டை இறுக்கி முடித்தபோதுதான் போன் அடித்தது.

வேலை நேரத்தில் போனைத் தொடக்கூடாது. தங்கச்சி இசக்கி என்று பார்த்ததும் எடுத்துவிட்டான்.

“அண்ணே, ஓட்டு மேல ஏறிட்டோம். தண்ணி சன்னலத் தாண்டிட்டு. அவுகளும் நானுந்தான் இருக்கோம். சுவரு ஊறிப்போச்சுண்ணே.”

அதோடு போன் அணைந்துவிட்டது.

அவுக என்றால் சுடலைமணி. அவள் புருஷன். கல்யாணமாகி எட்டு மாதம்.

ஊர்ப் பெயரை விமானியிடம் சொல்லிப் பட்டியலில் முதலாவதாக எழுதவைத்தான். தங்கச்சி என்று சொல்லவில்லை. கூரையில் நிற்கிற எல்லோரும் யாருக்கோ வேண்டப்பட்டவர்கள்தானே.

“என்ன மாடசாமி, கையெழுத்துப் போட்டாச்சா?”

விமானி ஏறி உட்கார்ந்திருந்தார்.

பலகையை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை. ஸ்பானர் எங்கேயாவது புல்லில் விழுந்திருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அப்படித்தான் இருக்கும்.

மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றில் ஹெலிகாப்டரில் போகிற நான்கு பேர் இருந்தார்கள். ஏற்றி வருகிற அத்தனை பேரும் இருந்தார்கள். இசக்கியும் இருந்தாள்.

அவள் வீடு மண்சுவர். பழைய சுவர்.

பேனா தாளின் மேல் நின்றது. தாளில் ஒரு நீலப் புள்ளி விழுந்து பரவியது.

அவன் பேனாவை மூடினான்.

“ஒரு ஸ்பானரைக் காணோம் சார். பறக்கக் கூடாது.”

விமானி ஒன்றும் திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தேடுங்க.”

மூடியைத் திறந்தார்கள். டார்ச் அடித்துத் தண்டு தண்டாகத் தடவிப் பார்த்தார்கள். இருக்கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஐந்து பேர் புல்லில் மண்டியிட்டு விரலால் துழாவினார்கள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண் மறைத்தால் ஸ்பானர் தெரியாது என்று அடக்கிக்கொண்டான்.

ஐந்து நிமிடம்.

பதினைந்து.

இருபத்தைந்து.

மழை விட்டதும் அவன் கழற்றிப் போட்ட மழைக்கோட்டு கருவிப் பெட்டிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. அதைத் தூக்கினான். கனத்தது.

பைக்குள் ஸ்பானர். போனை எடுக்க அவசர அவசரமாக அவனே போட்டது.

ஹெலிகாப்டரில் ஒரு குறையும் இல்லை. அப்போதே பறந்திருக்கலாம்.

ஸ்பானரை மாட்டினான். சிவப்புப் படம் மறைந்தது. கையெழுத்துப் போட்டான். ஹெலிகாப்டர் புல்லையெல்லாம் தரையோடு படுக்கவைத்துவிட்டு எழும்பிப் போயிற்று. சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் அங்கேயே நின்றான்.

நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தது.

பதினொரு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவராக எண்ணினான். பதினொன்றாவது ஆள் இசக்கி.

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவைச் சாத்தினார்கள்.

இசக்கி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் உடம்பெல்லாம் செம்மண் சேறு.

“ஹெலிகாப்டர் வாரதுக்குப் பத்து நிமிசம் முந்தி வரைக்கும் எம் பக்கத்துலதான் நின்னாவ. ‘சத்தம் கேக்கா, சத்தம் கேக்கா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. அந்தப் பக்கத்துச் சுவரு அப்படியே போயிட்டுண்ணே. அவுகளையும் கொண்டுபோயிட்டு.”

விமானி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவனைப் பார்த்தார். பிறகு மெதுவாக மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் தாமதமானது என்று அவர் சொல்லமாட்டார். புல்லில் தேடிய ஐந்து பேரும் சொல்லமாட்டார்கள்.

இசக்கி சேற்றுக்கையால் முகத்தைத் துடைத்தாள்.

“மழைனாலதானண்ணே ஹெலிகாப்டர் வரச் சுணங்கிப் போச்சு?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். சற்றுமுன் ஒரு கையெழுத்துப் போதுமாக இருந்த மாதிரி.

அவன் பலகையைப் பார்த்தான். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“மழைனால இல்ல இசக்கி, செத்த உக்காரு” என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அவனும் அவளுக்கு எதிரே ஈரப்புல்லில் உட்கார்ந்தான்.