வெள்ளிக்கிழமைச் சொல்

வெள்ளிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்பில் ஒருவர், வீட்டில் கண்ட நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி வரவேண்டும். மருந்து அட்டையோ ஷாம்பூ பாட்டிலோ, எதில் இருந்தாலும் சரி. ஜெசிந்தா டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதிக் கோடு போட்டுப் பிரிப்பார். எந்தத் துண்டு கிரேக்கம், எது லத்தீன், என்ன பொருள் என்று வகுப்பே கத்திச் சொல்லும்.

அன்று தில்ஷாத்தின் முறை. அவள் தந்த சீட்டைப் பார்த்து எழுதத் தொடங்கிய டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

"இதை எங்கம்மா பார்த்த?"

"உம்மாவோட ஆஸ்பத்திரி ஃபைல்ல மிஸ். வாப்பா ஒண்ணுமில்லைங்கிறாங்க."

டீச்சர் எழுதியதை உள்ளங்கையால் அழித்தார். "இந்த வேர் நாம இன்னும் படிக்கல. வேற சொல் யாருகிட்ட இருக்கு?"

போன வாரம் அவரே ஒட்டிய வேர்ப்பட்டியல் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது. அதன் கடைசி வரியில் அதே வேரும், எதிரே 'புற்று' என்ற பொருளும் இருந்தன. நாற்பது பேரும் அதையே பார்த்தார்கள்.

"சரி மிஸ்," என்றாள் தில்ஷாத்.

சீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் டீச்சர் அவளுடைய நோட்டைக் கண்டார். ஸ்கேல் வைத்து அந்தச் சொல்லை அவள் முன்பே பிரித்திருந்தாள். முதல் துண்டின் கீழே எழுதிய பொருளை அழித்து அழித்து, அந்த இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது.