ஒரு நோயாளியும் இறக்கவில்லை

வெள்ளவத்தை மண்டபத்தில் எம்.பி. குணபாலனின் நூல் வெளியீடு நடக்கிறது. சுகாதார விவாதங்களில் அவர் ஆற்றிய நாடாளுமன்ற உரைகளின் தொகுப்பு. மின்விசிறிக் காற்றில் அவருடைய மாலையின் இதழ்கள் மேசையில் உதிர்கின்றன. கையெழுத்து வாங்கும் வரிசையில் வத்சலாவின் முறை வருகிறது. ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டி, "இந்த வரியை ஒருக்கா வாசியுங்கோ ஐயா" என்கிறாள். மைக் முன்னாலேயே இருக்கிறது. அவர் பழக்கதோஷத்தில் குரலை உயர்த்துகிறார்: "மருந்துத் தட்டுப்பாட்டால் நாட்டில் ஒரு நோயாளியும் இறக்கவில்லை." சபை கைதட்டுகிறது. வத்சலா கைப்பையிலிருந்து ஒரு மரணச் சான்றிதழை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் விரிக்கிறாள்.

"இது என்ர மனுசன். ஊசிமருந்து இல்லாமல் ஆஸ்பத்திரியில எட்டு நாள் கிடந்து செத்தவர். நீங்கள் இதைக் கதைச்ச அதே நாள்."

மைக் அவளுடைய குரலையும் மண்டபமெங்கும் கொண்டுபோகிறது. கைதட்டல் அறுந்துவிடுகிறது. "தங்கச்சி, பிறகு கதைப்பம்" என்று அவர் புத்தகத்தை மூடப் பார்க்கிறார். அவள் தாளின்மேல் அழுத்திய உள்ளங்கையை எடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடுங்கோ ஐயா. அந்த வரிக்குக் கீழ."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடுகிறார். நெற்றி வியர்வை அவர் தாடைவரை இறங்குகிறது. இந்த முகத்தில் இதைக் காணத்தான் அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள். அவசரப்படாமல், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.