சிவப்பு வளையம்

“லென்ஸ் என்பது புகைப்படக்காரனின் மனசாட்சி. அதில் பொய் எழுத முடியாது” என்றார் சேர்மன் ஆம்பொன்சா, பல்லிடுக்கில் மாட்டிய வாழைப்பழ வறுவலைக் குச்சியால் தோண்டியபடி.

செர்வா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

“தண்ணி குடிச்சாச்சுல்ல, மகளே. இனி சொல்லு, வந்த சேதி என்ன?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்களே மாமா. எனக்குப் பேட்ஜ் வேணும். நாளைக்கு நான் பந்தலுக்குள்ள போகணும்.”

துணி வியாபாரி போக்குவா அம்மாளுக்கு நாளை இறுதிச் சடங்கு. குமாசி நகரமே கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு வரும். ‘அம்மாவோட கடைசிப் படங்களை நீதான் எடுக்கணும்’ என்று அந்த அம்மாளின் மகளே செர்வாவின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் புகைப்படக்காரர் சங்கத்தின் பேட்ஜ் கழுத்தில் இல்லாவிட்டால் பந்தல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிவப்பு வளையம் போட்ட உயர்ரக லென்ஸ் இல்லாதவருக்குப் பேட்ஜ் கிடையாது. அந்த விதி ஆம்பொன்சா சேர்மனான அன்றே வந்தது.

இதற்கு முன்னும் அவள் வந்து திரும்பியவள்தான். போன வாரம் அவளுடைய லென்ஸைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார் ஆம்பொன்சா.

“ஐம்பது எம்எம். ஒண்ணு புள்ளி எட்டு. உடம்பு பிளாஸ்டிக். வளையம்...”

“வளையமே இல்லைங்க ஐயா” என்றார் செயலாளர் ஜுமோ, துக்கம் விசாரிக்கிற குரலில்.

“இதுல எடுத்த படங்க இருக்கு மாமா. ஒரு தடவை பாருங்க.”

“படத்தை எதுக்குப் பாக்கணும்? அதான் லென்ஸ்லயே எழுதியிருக்கே.”

அதோடு விடவில்லை. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணியில் நின்றுகொண்டிருந்த தன் லென்ஸைக் காட்டி ஒரு பாடமே நடத்தினார். எம்எம் என்றால் எவ்வளவு அகலம், எவ்வளவு தூரம் என்று சொல்லும். புள்ளி வைத்த எண் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று சொல்லும். சிவப்பு வளையம் குலத்தைச் சொல்லும். “கீழ நீளமா இருக்கே ஒரு நம்பர், அதுதான் பிறப்புச் சான்றிதழ். உலகத்துலயே ஒரு நம்பர் ஒரு லென்ஸுக்குத்தான்.”

அந்த லென்ஸை யாரும் தொடக் கூடாது. அது கேமராவில் மாட்டியிருந்து பார்த்தவரும் சங்கத்தில் இல்லை. கேட்டால், “மாட்டினா தேஞ்சிடும்” என்பார்.

செர்வா பெட்டியில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து அந்த எழுத்துகளை நிதானமாக வாசித்துவிட்டுத்தான் போனாள். பிறகு ஒரு வாரம் கெஜெட்டியா சந்தையில் சந்து சந்தாக அலைந்தாள்.

இன்று பையிலிருந்து துண்டில் சுற்றிய பொருளைச் சாயாமல், குலுங்காமல் எடுத்து மேசைமேல் நிறுத்தித் துண்டை விலக்கினாள். சிவப்பு வளையம் பளிச்சென்று தெரிந்தது.

ஜுமோ கையை நீட்டினார்.

“தொடாதே” என்று அதட்டினார் ஆம்பொன்சா. “விஷயம் தெரிஞ்சவன் கண்ணாலதான் பாப்பான்.” பூதக்கண்ணாடியோடு குனிந்தார். “முன் கண்ணாடி வேர்த்திருக்கு பாத்தியா? அசல் கண்ணாடிதான்யா வேர்க்கும். இருபத்து நாலுலேருந்து நூத்தஞ்சு எம்எம். நாலு. ஆகா. இவ்வளவு நாளா இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்த?”

“நம்பரை வாசிக்கலையே மாமா.”

“அது எதுக்கு இப்போ?”

“பிறப்புச் சான்றிதழ்னு நீங்கதானே சொன்னீங்க. வாசிங்க.”

வாசிக்க ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். ஜுமோ எட்டிப் பார்த்து மிச்சத்தை வாசித்து முடித்தார். பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் இதைப் பார்த்தார்.

“ஐயா, இது உங்க லென்ஸ் நம்பராச்சே. ரெண்டுல ஒண்ணு போலியா இருக்கணும். பெட்டியத் திறந்து ரெண்டையும் கழட்டிப் பாத்துடுவோமா?”

“கையை எடு.”

“பாக்கட்டுமே மாமா” என்றாள் செர்வா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எனக்கு அவசரமில்ல. சடங்கு நாளைக்குத்தானே.”

இப்போது லென்ஸைவிட ஆம்பொன்சாவின் நெற்றி அதிகமாக வேர்த்திருந்தது.

“ஜுமோ, உனக்குக் கண்ணு போயிடுச்சு. பேட்ஜை எடுத்துக் கொடு.”

“அப்ப அந்த நம்பர் ஐயா...”

“பேட்ஜைக் கொடுய்யா.”

“என்னோட பழைய ஐம்பது எம்எம்ல எடுத்தாலும் செல்லுமா?” என்று கேட்டாள் செர்வா.

சேர்மன் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “படம் நல்லா வந்தா எந்த லென்ஸா இருந்தா என்னம்மா” என்றார் மெல்ல.

பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த செர்வா, சிவப்பு வளைய லென்ஸின் மேல்மூடியைத் திருகித் திறந்து, உள்ளே இன்னும் ஆறாமல் இருந்த டீயை ஒரு மடக்குக் குடித்தாள். கெஜெட்டியாவின் பாத்திரக் கடையில், பிளாஸ்குகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் நடுவே, லென்ஸ் மாதிரியே செய்த இந்த டீக் குவளைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் அதே நம்பர்தான்.